ஒரு கோட்டைக்கு இரண்டு கல்வெட்டு

அருந்தவன் கடைசியாகச் செய்த வேலை உருளைக்கிழங்கு உரித்தது. சனிக்கிழமைக் காலை, சிட்னியில், வென்ற்வேர்த்வில் வீட்டுக் குசினியில் சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு, கால்களுக்கிடையில் வாளியை வைத்துக்கொண்டு உரித்தார். அதற்கென்று மகள் லக்சிகா வாங்கிக் கொடுத்த கருவி லாச்சிக்குள் புத்தம் புதிதாகக் கிடந்தது. அவருக்குத் தன் விரல் நீளக் கத்திதான் வேண்டும். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கி வாளிக்குள் சுருண்டது.

"இதுக்கெல்லாம் ஒரு பட்டம் தந்திருந்தாங்களெண்டா நான் இண்டைக்குப் புரொபெசர்," என்றார்.

"புரொபெசர், நேற்று வைச்ச குப்பை பின் இன்னும் றோட்டில நிக்குது. பக்கத்து வீட்டுக்காரன் பாக்கிறான்," என்றாள் மனைவி யோகா.

"கிழங்கைத் தண்ணியில போட்டு வையும். போயிட்டு வாறன்."

சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியைப் பாதி வழிவரை இழுத்து வந்தார். பிறகு அதற்குப் பக்கத்தில், யாரோ உட்காரச் சொன்னதுபோல, மெல்ல உட்கார்ந்தார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். அவ்வளவு பேர் நல்லவர்களாக இருந்தபோதே யோகாவுக்கு விளங்கிவிட்டது. பொழுதுபட வீட்டுக்கு வந்தபோது கிழங்குகள் தண்ணீருக்குள் வெள்ளையாக இருந்தன.

செத்தவீடு முடிந்தது. சாம்பலும் கரைத்தாயிற்று. இனி முப்பத்தோராம் நாள். அதற்கு ஐயர் வேண்டும், சாப்பாடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வெட்டு வேண்டும். இறந்தவரின் வம்சம், வாழ்க்கை, அவரை நினைத்து மனைவி மக்கள் அழுவதாக வேறு யாரோ எழுதிய வெண்பா எல்லாம் சேர்ந்த புத்தகம் அது. பெயர்தான் கல்வெட்டு, இப்போது வழவழப்பான தாளில், நாலு நிறத்தில் வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுக்கவேண்டும். வாங்குகிறவர்கள் காரில் ஏறியதும் முதலில் படம் பார்ப்பார்கள். பிறகு யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அந்தப் பொறுப்பை அருந்தவனின் தமையன் சிவபாலன் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற கணக்காளர்; பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவராக இருந்து இருந்து, வீட்டில் தண்ணீர் கேட்கும்போதுகூடத் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு மாலை யோகாவின் வரவேற்பறையில் வந்து அமர்ந்து, பைக்குள்ளிருந்து வேறொரு வீட்டுக் கல்வெட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாத்தியே யோகா? போன மாசம் செத்த மனிசன். கடைசி அரசனுக்கு மந்திரியாய் இருந்த பரம்பரையாம். எனக்குத் தெரியும், தகப்பன் பஸ் கொண்டக்டர்."

"கொண்டக்டர் நல்ல உத்தியோகம்தானே அத்தான்?"

"உத்தியோகம் நல்லதுதான். கல்வெட்டில நிக்காது." தொண்டையைச் செருமினார். "எங்கட அப்பு வைச்சிருந்தது சுருட்டுக்கடை. அதுக்கு முந்தி ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு பக்கம் நிரப்புறது?"

அப்போதுதான் அவர் கண் சுவரில் இருந்த படத்தில் விழுந்தது. கல்லாலான பெரிய வாசல், மேலே கோபுரம், முன்னால் இரவல் கோட்டுக்குள் பாதி மறைந்துபோன இளம் அருந்தவன்.

"இது எந்த இடம்?"

"டிஸ்டல்பெல்ஸ் கோட்டை. உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்."

சொல்லியிருப்பார். ஆனால் சிவபாலன் மற்றவர்கள் கதையைக் கேட்பது, அவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று பார்ப்பதற்காக.

எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் மாறி மேற்குக்குப் போன அகதிப் பொடியன்களில் அருந்தவனும் ஒருவர். இவ்வளவு பேரை எங்கே வைப்பதென்று ஜேர்மன் அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. மலை உச்சியில் ஒரு பழைய கோட்டை சும்மா கிடந்தது. அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பிரபுக்கள் நடனமாடிய மண்டபத்தில் இரும்புக் கட்டில்கள். அருந்தவனுக்குக் குசினியில் வேலை. குசினி வாசலில் கற்படிகள். இரண்டாவது படியின் மூலை உடைந்திருந்தது. கிழங்கு வாளி அந்த உடைவுக்குள் ஆடாமல் அசையாமல் உட்காரும். அதற்குப் பக்கத்தில் அவர் உட்காருவார். அவருக்குப் பக்கத்தில் கோட்டையைக் காவல் பார்த்த கிழவி ஹில்ட உட்காருவாள். பாதி வார்த்தையாலும் பாதி கையாலும் அவள் சொன்னதுதான் அந்தக் கோட்டையின் வரலாறு.

முதல் பிரபு ஓட்டோ. ஆற்றில் வரும் படகுகளிடம் வரி வாங்கினான். வரி கொடுக்காதவர்களிடம் படகையே வாங்கினான். அவன் பேரன், தாத்தா செய்த பாவத்துக்காக ஒரு சிற்றாலயம் கட்டினான். கட்டும் செலவுக்கு வரியைக் கூட்டினான். அவனுடைய பிள்ளைகள் இருவர், உல்றிச்சும் கொன்றாட்டும். தகப்பன் செத்ததும் நடுகல்லில் யார் பெயரை முதலில் பொறிப்பது என்று சண்டை வந்தது. ஆளுக்கொரு கல் நட்டார்கள். ஒரே தகப்பனுக்கு இரண்டு கல். பிறகு முற்றத்துக்குக் குறுக்கே மதில் எழுப்பினார்கள். நடுவில் கிணறு இருந்ததால், மதில் இந்தப் பக்கத்தால் வந்து கிணற்றில் நின்று, அந்தப் பக்கத்தால் மறுபடி தொடங்கியது. காலையில் ஒருவன் தண்ணீர் அள்ளுவான், மாலையில் மற்றவன். ஒரு பனிக்காலத்தில் பிஷப்பின் படை வந்தது. பெரிய வாசலுக்குக் குறுக்குமரம் போடவேண்டியது தம்பியின் முறை என்று தமையன் இருந்தான். தமையனின் முறை என்று தம்பி இருந்தான். படை நடந்து உள்ளே வந்தது. குளிர் தாங்காமல் படைவீரர்களே கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

இதைச் சொல்லும்போது அருந்தவன் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவார். காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில், ஊரில் அவர்களுடைய காணியில் ஒரு பங்குக் கிணறு. அந்தக் கிணற்றாலேயே தமையன் சிவபாலனும், மெல்பேர்னில் இருக்கும் தம்பி சிறிதரனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். கிணறு அங்கே பாசி பிடித்துக் கிடக்கிறது, சண்டை இங்கே வந்து குடியுரிமையும் எடுத்துவிட்டது என்பார் அருந்தவன்.

சிட்னிக்கு வந்த பிறகு அவர் சனிக்கிழமைகளில் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமுக்குப் போவார். அங்கே அடைபட்டிருந்த தமிழ்ச் சனத்துக்குக் கொண்டுபோக அவரிடம் இருந்தது இந்தக் கதை ஒன்றுதான். "நானும் கோட்டைக்குள்ள இருந்தனான். பிரபுக்கள் எல்லாம் போயிட்டினம், கிழங்கு உரிச்சவன் இருக்கிறன்," என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். ஒருமுறை வீட்டுக்கு வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "யோகா, எனக்குக் கல்வெட்டு அடிச்சா, கிழங்கு உரிச்சதைக் கட்டாயம் போடவேணும். அதுகள் வாசிக்கேக்க நான் பொய் சொன்னதெண்டு நினைக்கப்படாது."

யோகா அதைச் சிவபாலனிடம் அப்படியே சொன்னாள். "ஒரு வரி போதும் அத்தான். அகதியாய்ப் போய் அந்தக் கோட்டையில கிழங்கு உரிச்சவர் எண்டு."

"கோட்டை வரும். நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார் சிவபாலன். அவர் முகத்தில் பக்கம் நிரம்பிவிட்ட நிம்மதி தெரிந்தது.

லக்சிகா நல்ல பிள்ளை. பெரியப்பாவுக்கு உதவட்டும் என்று அந்தக் கோட்டையின் வரலாற்றை இணையத்தில் தேடி, கைப்பேசியாலேயே தமிழாக்கி அனுப்பிவைத்தாள். ஒரு கிழமையில் வட்சப்பில் கல்வெட்டு வந்தது. முன் அட்டையில் கோட்டை. அதற்கு முன்னால் அருந்தவன். இரவல் கோட் போய் பட்டுச் சால்வை வந்திருந்தது. உள்ளே வம்ச வரலாறு:

'மலையுச்சியில் மாண்புற விளங்கிய எம் குலத்தார் கோட்டையின் மதில்மேல் மார்கழித் திங்களில் வெண்பனி பொழிய, காட்டுப்பன்றி வேட்டையாடி மீண்ட உலகநாத முதலியாரும் கனகராய முதலியாரும் நிலவறைத் திராட்சை ரசத்தால் தாகம் தணித்து...'

யோகா பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருடம் வேலை செய்தவள். எந்தப் புத்தகத்தை எந்த அலுமாரியில் வைப்பது என்று யோசித்துப் பழகியவள். இதற்கு எந்த அலுமாரியும் அகப்படவில்லை. தொலைபேசி எடுத்தாள்.

"அத்தான், யாழ்ப்பாணத்தில எங்க மலை?"

"ஏன், கீரிமலை இருக்குத்தானே?"

"அது கடற்கரை அத்தான்."

"பேரில மலை இருக்கு. ஆர் போய் அளக்கப் போகினம்?"

"பனி?"

"அது அந்தக் காலம். இப்பதான் கிளைமேற் மாறிப்போச்சு எண்டு ரீவியில சொல்லுறாங்களே."

"உங்கட அம்மா முட்டைகூடச் சாப்பிடாத மனிசி. நீங்கள் பரம்பரையையே பன்றி வேட்டைக்கு அனுப்பிப் போட்டீங்கள்."

"வேட்டையாடினது எண்டுதான் எழுதினனான். சாப்பிட்டது எண்டு எழுதேல்லை," என்றார் சிவபாலன், அந்த இடத்தை நன்றாக யோசித்து வைத்திருந்தவர்போல.

"சரி. உல்றிச்சையும் கொன்றாட்டையும் முதலியாராக்கிப் போட்டீங்கள். அண்ணனும் தம்பியும் மதில் கட்டிச் சண்டை பிடிச்ச கதையைக் காணேல்லை?"

"அதை வெட்டிப் போட்டன். குடும்ப விஷயம் பிள்ளை, வெளியில போகப்படாது."

"கிழங்கு?"

மறுமுனையில் தொண்டை செருமும் சத்தம். "யோகா, மனசை வருத்தாத. கோட்டையைக் கட்டினவனே கிழங்கு உரிக்கிறானெண்டு எழுதினா வாசிக்கிறவைக்குக் குழப்பமாயிருக்கும்."

அடுத்த நாள் மெல்பேர்னிலிருந்து சிறிதரன் தொலைபேசி எடுத்தான். அவனுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். உடன்பிறந்தோர் பட்டியலில் அவன் பெயர், கனடாவிலிருக்கும் தங்கைக்கும் கீழே போயிருந்தது.

"அண்ணி, பெரியவர் எங்கட அண்ணையை மலையில ஏத்திப் போட்டார். சனம் சிரிக்கும். நீங்கள் யோசிக்காதேங்கோ, நான் வேறயாய் ஒண்டு அடிக்கிறன். உண்மையை மட்டும் எழுதுறன்."

"கிழங்கு உரிச்சதை எழுதுவியே சிறி?"

"எல்லாம் எழுதுவன் அண்ணி."

சிறிதரனின் உண்மை இரண்டு நாளில் வந்தது. அதில் கோட்டை ஜேர்மனியிலேயே இருந்தது. அந்தளவில் யோகாவுக்கு ஆறுதல். ஆனால், 'டிஸ்டல்பெல்ஸ் கோமகனின் சிறப்பு அழைப்பின் பேரில் கோட்டையில் தங்கியிருந்து, அன்னாருக்கு ஆசிய அரசியல் குறித்து ஆலோசனை வழங்கியதோடு, உணவுத்துறையையும் மேற்பார்வை செய்தார்' என்று இருந்தது.

"உணவுத்துறை எண்டது கிழங்கு, அண்ணி. கௌரவமாய்ச் சொல்லியிருக்கிறன்," என்றான் சிறிதரன்.

யோகா தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவர்ப் படத்தைப் பார்த்தாள். ஒரு மனிதன் செத்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் அவருக்கு ஒரு கோட்டை சொந்தமாகியிருந்தது. இன்னொரு கோட்டையில் மந்திரியாகவும் இருந்தார். அவர் மட்டும் எங்கேயும் இல்லை.

"லெட் இட் கோ அம்மா," என்றாள் லக்சிகா. "ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

"வில்லாவுட்டில அவர் கதை சொன்ன ஆக்கள் வாசிப்பினம்," என்றாள் யோகா.

முப்பத்தோராம் நாள் பென்டில் ஹில்லில் ஒரு மண்டபம். வாசலுக்கு இடப்பக்கம் ஒரு மேசை, அதில் சிவபாலனின் கல்வெட்டு. வலப்பக்கம் ஒரு மேசை, அதில் சிறிதரனின் கல்வெட்டு. வந்தவர்கள் வாசலில் தயங்கினார்கள். ஒன்றை எடுத்தால் மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அனுபவசாலிகள் இரண்டையும் எடுத்தார்கள். ஒரு அங்கிள் கைத்தடியைச் சாட்டி ஒன்றையும் எடுக்காமல் உள்ளே போனார்.

மண்டபத்துக்குள் எல்லாரும் பக்கம் புரட்டினார்கள். "நல்ல பரம்பரை," என்றார் ஒருவர். "எனக்கு அப்பவே தெரியும், அருந்தவன் நடக்கிற நடையில ஒரு இது இருக்கும்," என்றார் அடுத்தவர். பனி பொழிந்த மார்கழியை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பன்றியும் தப்பிப் போய்விட்டது. ஒரு அன்ரி மட்டும் யோகாவின் கையைப் பிடித்து, "இவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளை, எங்களோட வந்து சாதாரணமாய்ப் பிளேன்ரீ குடிச்சிட்டுப் போகும்," என்று கண் கலங்கினாள்.

வைதேகி பிந்தி வந்தாள். வில்லாவுட்டில் இரண்டு வருடம் இருந்து, இப்போது வெளியே வந்து, ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக் கடையில் வேலை செய்கிறவள். வேலை உடுப்போடேயே வந்திருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டு புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு எழுந்து யோகாவிடம் வந்தாள்.

"அன்ரி, கிழங்கு எங்க?"

யோகா பக்கத்துக் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

"அங்கிள் எங்களுக்குச் சொன்னவர், படியில இருந்து உரிச்சவரெண்டு." வைதேகி இரண்டு புத்தகத்தையும் நீட்டினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. "எங்களைச் சந்தோசப்படுத்தத்தான் சும்மா சொன்னவரோ?"

அந்த நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து கார் ஹோர்ன் கேட்டது.

ஐயர் கிரியையை முடித்துவிட்டிருந்தார். பசி நேரம். ஹோர்ன் மறுபடி கேட்டது. ஒருவரும் அசையவில்லை. மண்டபம் எடுத்தது சிவபாலன். பூட்டிக் கிடந்த பின்கதவின் திறப்பு அவருடைய சட்டைப்பையில். சாப்பாடு ஒழுங்கு செய்தது சிறிதரன்; வந்து நிற்பது அவன் சொன்ன சாப்பாட்டு வான். சாப்பாடு வந்துவிட்டதென்று சிறிதரன் தமையனிடம் போய்ச் சொல்லமாட்டான். சொல்லாத சாப்பாட்டுக்குச் சிவபாலன் கதவு திறக்கமாட்டார். ஒருவர் மண்டபத்தின் இந்தக் கோடியில் கூரையைப் பார்த்தபடி நின்றார். மற்றவர் அந்தக் கோடியில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார். நடுவில், ஒரு கிணற்றைச் சுற்றி உட்கார்ந்ததுபோல, பசித்த சனம்.

யோகாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். கிட்ட வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். புருசனின் முப்பத்தோராம் நாளில், வெள்ளைச் சீலையோடு, வாயைப் பொத்த மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்தது. அருந்தவனுக்கு வருமே, அதே மாதிரி.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் லக்சிகா.

"ஓம். அந்த மைக்கைத் தா."

சிவபாலன் தொண்டையைச் செருமினார். "யோகா, நன்றியுரை நான்தான்..."

"நீங்கள் இருங்கோ அத்தான். சிறி, நீயும் இரு. சாப்பாடு வரும்வரைக்கும் எல்லாருக்கும் ஒரு கதை சொல்லுறன்." மைக் கீச்சிட்டது, அவள் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "இவர் கோட்டை கட்டேல்லை. கோட்டையில மந்திரியாயும் இருக்கேல்லை. அகதியாய்ப் போனவர். அங்க கிழங்கு உரிச்சவர். ரெண்டாவது படியில இருந்து உரிச்சவர். மூலை உடைஞ்ச படி, வாளி அந்த உடைவுக்குள்ள இருக்கும். வைதேகி, அவர் உங்களுக்குச் சொன்னது முழுக்க உண்மை. இப்ப, அந்தக் கோட்டையை ஆண்ட அண்ணன் தம்பியின்ர கதையைக் கேளுங்கோ."

ஓட்டோவிலிருந்து தொடங்கினாள். தன்னால் அருந்தவனைப்போலச் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தாள். ஆனால் முப்பது வருடம் கேட்ட கதை தன் பாட்டில் வந்தது. தகப்பனுக்கு இரண்டு கல் நட்ட இடத்தில் முன்வரிசையில் இன்னொரு அங்கிள் தன் மடியிலிருந்த இரண்டு புத்தகத்தையும் பார்த்தார். கிணறு வந்தபோது அங்கங்கே இருமல். படை வந்து, குறுக்குமரம் போட ஆளில்லாமல் வாசல் திறந்து கிடந்த இடத்துக்கு அவள் வந்தபோது, பின்னால் ஹோர்ன் மூன்றாவது தடவையாக, நீளமாகக் கேட்டது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் வைதேகி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிவபாலன் சிரிக்கவில்லை. எழுந்து, சட்டைப்பையைத் தடவிக்கொண்டு பின்கதவுக்கு நடந்தார். சிறிதரனும் அதே நேரம் எழும்பினான். இருவரும் கதவடியில் ஒன்றாக நின்றார்கள். சிவபாலன் பூட்டைத் திறந்தார். சிறிதரன் கதவை இழுத்தான். சாப்பாட்டுப் பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அதில் உருளைக்கிழங்குப் பிரட்டலும் இருந்தது, கொஞ்சம் தோலோடு.

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். விமானநிலையத்துக்குப் போகும்போது சிறிதரன் தன் மிச்சப் புத்தகங்களைக் கட்டி எடுத்துப் போனான். சிவபாலன் தன்னுடையதில் ஒன்றைப் பழைய மாணவர் சங்க ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார். ஐம்பது வருடம் கழித்து யாராவது அதை எடுத்துப் பார்த்து, கீரிமலையில் பனிக்காலக் கோட்டையைத் தோண்டக்கூடும்.

சில கிழமைகள் போன ஒரு சனிக்கிழமை, யோகா வில்லாவுட்டுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். லக்சிகா கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அம்மா, அப்பாவின்ர கோட்டை இப்ப ஹொட்டேல். கல்யாணமெல்லாம் செய்யினம். லுக்."

யோகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வரலாறு என்றொரு பக்கம் இருந்தது. ஓட்டோவை நீதிமான் என்று எழுதியிருந்தார்கள். உல்றிச்சும் கொன்றாட்டும் அன்பான சகோதரர்களாக இருந்தார்கள். ஹில்ட இல்லை, இரும்புக் கட்டில்கள் இல்லை. எண்பதுகளில் கோட்டை 'அமைதியாக ஓய்வெடுத்தது' என்றிருந்தது.

"இவங்களுக்கும் ஒரு சிவபாலன் இருக்கிறார்," என்றாள் யோகா.

பிறகு படங்கள். நடன மண்டபத்தில் கண்ணாடி விளக்குகள். குசினி இருந்த இடத்தில் உணவகம். அதன் வாசலில் வெள்ளை உடுப்போடு ஒரு மணப்பெண், கற்படிகளில் நிற்கிறாள். யோகா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மணப்பெண்ணின் முகம் ஒரு பக்கத்தால் வெளியே போனது. பூச்செண்டு போனது. சப்பாத்து வந்தது.

இரண்டாவது படியின் மூலை உடைந்துதான் இருந்தது.